மைன்கிராஃப்ட் சர்வருக்கு ஏஐ பாட்: ஸ்கிரிப்டா, கிளவுட் மாடலா, வீட்டு கிராஃபிக்ஸ் கார்டா?

நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து மைன்கிராஃப்ட் சர்வர் ஒன்று போட்டுவிட்டால், அடுத்த ஆசை பாட் மேல்தான் (தானாக ஆடும் புரோகிராம்) வரும். கோதுமை அறுக்க, கல் தோண்ட, ‘டேய் எங்க இருக்க’ என்றால் பதில் சொல்ல ஒரு ஆள். யூடியூபில் எந்த வழியைப் பார்த்தாலும் பத்து நிமிட வேலை என்கிறார்கள். பத்து நிமிடத்தில் பாட் உள்ளே வந்துவிடும், அதில் பொய்யில்லை. ஆனால் கூப்பிட்டால் வாசல் வழியாக வராமல் சுவரை உடைத்துக்கொண்டு வரும். ‘பத்துக் கல் கொண்டா’ என்றால் மலை காலியாகும்வரை தோண்டும். மாதக் கடைசியில் டாலரில் ஒரு பில்லும் வரலாம். எந்த வழி யாருக்கு என்பதை இந்த மூன்று தொல்லைகளையும் வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

முதலிலேயே ஒன்று. இங்கே சொல்வதெல்லாம் உங்கள் சொந்த சர்வருக்கு, அல்லது பாட்டுக்கு அனுமதி தந்த சர்வருக்கு மட்டும். வேலரன்ட், பிஜிஎம்ஐ போன்ற போட்டி விளையாட்டுகளில் பாட் ஓட்டினால் அக்கவுன்ட் போய்விடும்; பெரிய பொது மைன்கிராஃப்ட் சர்வர்களிலும் அப்படித்தான். திரையைப் பார்த்து மனிதனைப் போலவே மவுஸை நகர்த்தும் பாட் பற்றியும் கேட்பார்கள். ஓப்பன்ஏஐ 2022ல் வெளியிட்ட விபிடி அந்த வகை. சுமார் 70,000 மணி நேர விளையாட்டு வீடியோவை வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். ஆராய்ச்சிக்கு அது சரி, வீட்டு சர்வருக்குப் பொருந்தாது. அதை விட்டுவிடலாம்.

மூன்று வழிக்கும் தரை ஒன்றுதான்

மிச்சமிருக்கும் வழிகள் மூன்றும் மைன்ஃப்ளேயர் என்ற நோட்.ஜேஎஸ் லைப்ரரியின் மேல்தான் நிற்கின்றன. திரை, கிராஃபிக்ஸ் எதுவும் இல்லாமல் நேராக சர்வரின் நெட்வொர்க் மொழியைப் பேசி, ஒரு பிளேயர் போலவே அது உள்ளே நுழைகிறது. பாட் ஒன்றுக்குச் சில நூறு எம்பி ரேம் போதும். பழைய லேப்டாப்பே தாங்கும்.

ஜாவா எடிஷனுக்கு மட்டும்தான் இது. நம் ஊர்ப் பிள்ளைகளில் நிறையப் பேர் போனில் பெட்ராக் எடிஷன் ஆடுகிறவர்கள். அவர்களும் சேர வேண்டுமென்றால் பேப்பர் என்ற சர்வர் மென்பொருளில் கீஸர், ஃப்ளட்கேட் என்ற இரண்டு ப்ளகின்களைப் போட்டு யுடிபி 19132 போர்ட்டைத் திறக்க வேண்டும். அப்படி வருகிறவர்களின் பெயருக்கு முன்னால் ஃப்ளட்கேட் ஒரு புள்ளி வைக்கும். பெயரை எழுத்தும் எண்ணும் மட்டும் என்று எதிர்பார்த்து எழுதிய ஸ்கிரிப்ட், புள்ளி வைத்த பெயரைக் கண்டுகொள்ளாது. ‘போன்ல இருந்து கூப்பிட்டா மட்டும் வரமாட்டேங்குது’ என்று யாராவது சொன்னால் முதலில் அந்தப் புள்ளியைப் பாருங்கள்.

நோட் பதிப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. புதிய மைன்ஃப்ளேயர் நோட் 22ஐக் கேட்கிறது. இரண்டாவது வழியில் வரப்போகும் மைண்ட்கிராஃப்ட் என்ற திட்டத்துக்கு 20 ஒத்துப்போகும். 24 போட்டால் சில நேட்டிவ் பேக்கேஜ்கள் கம்பைல் ஆகாமல் நிற்கும். நோட் பதிப்புகளை மாற்றி மாற்றி ஓட்டவிடும் என்விஎம் போட்டு இரண்டையும் வைத்துக்கொண்டால் தலைவலி இல்லை.

ஆக, மூன்றிலும் கை கால் ஒன்றுதான். யோசிப்பது யார் என்பதில்தான் வித்தியாசம்.

முதல் வழி: ஏஐ இல்லாத ஸ்கிரிப்ட்

தலைப்பில் ஏஐ என்று போட்டுவிட்டு ஸ்கிரிப்டிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. பாட்டைக் கேட்பவர்களில் பாதிப் பேருக்கு வேண்டியது இதுதான். கோதுமை விளைந்ததும் அறுத்து, விதைத்து, பெட்டியில் போடு என்ற வேலைக்கு சாட்ஜிபிடி போன்ற மொழி மாடல் எதற்கு? அதற்குப் பணமும் வீண், நேரமும் வீண்.

மைன்ஃப்ளேயரோடு, பாட்டுக்கு நடக்க வழி கண்டுபிடித்துத் தரும் பாத்ஃபைண்டர் ப்ளகினையும் இன்ஸ்டால் செய்யுங்கள். பாட்டை உருவாக்கும்போது ஹோஸ்ட், போர்ட், யூசர்நேம், ஆத், வெர்ஷன் என்று ஐந்து விவரம் கொடுக்க வேண்டும். போர்ட் வழக்கமாக 25565. ‘ஆத்’ (லாகின் முறை) ஆஃப்லைன் என்றால் சர்வரின் ப்ராப்பர்ட்டீஸ் ஃபைலில் ‘ஆன்லைன் மோட்’ ஃபால்ஸ் ஆக இருக்க வேண்டும். அதைச் செய்தால் யார் வேண்டுமானாலும் உங்கள் பெயரில் நுழையலாம். ஒயிட்லிஸ்ட் (அனுமதிப் பட்டியல்) போட்டாலும் ஆஃப்லைன் சர்வரில் அது பெயரை மட்டும்தான் பார்க்கும். ஆகவே போர்ட்டை இணையத்துக்கு நேராகத் திறந்துவிடாதீர்கள். திறந்தே ஆக வேண்டுமென்றால் பாட்டுக்கென்று தனி மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் கேமை வாங்கி ஆன்லைன் மோடிலேயே வைப்பதுதான் ஒழுங்கு.

‘வெர்ஷன்’ என்ற இடத்தைக் காலியாக விடாதீர்கள். மைன்கிராஃப்ட் புதுப் பதிப்பு வந்த அன்றே சர்வரை அப்டேட் செய்கிற ஆர்வக்கோளாறு ஒவ்வொரு குழுவிலும் ஒருவருக்கு இருக்கும். மைன்ஃப்ளேயர் அந்தப் பதிப்பைக் கற்றுக்கொள்ள நாளாகும். அதுவரை பாட் வாசலிலேயே நிற்கும். சர்வரைப் பழைய பதிப்பிலேயே வைத்து, புதிய கிளையன்ட் வைத்திருப்பவர்களுக்காக வயாவெர்ஷன் ப்ளகின் போடுவது நிம்மதி.

இனி அந்தச் சுவர் விவகாரம். பாத்ஃபைண்டரில் ‘கேன் டிக்’ என்ற அமைப்பு இயல்பாகவே ட்ரூ. அதாவது, வழியில் எது இருந்தாலும் உடைப்பது குறுக்கு வழி என்றால் உடைத்துவிடலாம் என்று அதற்கு அனுமதி கொடுத்தாயிற்று. அதேபோல் கையில் மண்ணோ உடைகல்லோ இருந்தால் காலடியில் வைத்துக் கோபுரம் கட்டி ஏறும். ‘அலவ் ஒன் பை ஒன் டவர்ஸ்’ அதற்கானது. வீட்டுப் பக்கம் நடமாடும்போது இரண்டையும் ஃபால்ஸ் ஆக்குங்கள். சுரங்கத்துக்குள் போனதும் இவை ட்ரூ ஆன இன்னொரு ‘மூவ்மென்ட்ஸ்’ (நடை விதிகளின் தொகுப்பு) மாற்றிக் கொடுங்கள். இரண்டு தொகுப்பாக வைத்து, ஆயத்தொலைவு பார்த்து மாற்றுவது பத்து வரி வேலை. இதைச் செய்யாததால் இடிந்த கண்ணாடிக் கூரைகளுக்குக் கணக்கே கிடையாது.

கல் விவகாரமும் ஏஐ இல்லாமலே நடப்பதுதான். ‘ஸ்டோன்’ என்ற பிளாக்கை உடைத்தால் கையில் விழுவது ‘காபிள்ஸ்டோன்’. பையில் ஸ்டோன் பத்து சேரும்வரை தோண்டு என்று எழுதினால், அந்த எண்ணிக்கை கடைசிவரை பூஜ்யமாகவே இருக்கும். பாட் நிற்கவே நிற்காது. உடைக்கும் பெயரும் எண்ணும் பெயரும் வேறு வேறாக இருக்க வேண்டும். வெறுங்கையால் உடைத்தால் அந்தக் காபிள்ஸ்டோனும் விழாது. குறைந்தது மரப் பிக்காக்ஸ் கையில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

வேறு சில இடறல்களும் உண்டு. ‘பாட் அடிக்கிறது, பிளாக் உடைந்து மறுபடி வந்துவிடுகிறது’ என்றால் ஸ்பான் பாதுகாப்பு காரணம். ப்ராப்பர்ட்டீஸில் அது இயல்பாக 16, பூஜ்யமாக்குங்கள். ‘பறப்பதற்கு அனுமதியில்லை’ என்று வெளியே தள்ளினால் ‘அலவ் ஃப்ளைட்’ ட்ரூ ஆக்குங்கள். நெட் தடுமாறும்போது பாட் ஆகாயத்தில் நிற்பதாக சர்வர் நினைத்துக்கொள்கிறது. தொடர்பு அறுந்ததும் உடனே மறுபடி சேர முயன்றால் ‘கனெக்ஷன் த்ராட்டில்ட்’ என்று வரும். பேப்பரில் அந்த இடைவெளி இயல்பாக 4,000 மில்லிசெகண்ட். 30 விநாடி விட்டுச் சேரச் சொல்லுங்கள். புரோகிராமைப் பின்னணியில் ஓட்டிக்கொண்டே இருக்கும் பிஎம்2 போட்டு ஓட்டுகிறவர்கள் அதே பாட்டை டெர்மினலிலும் ஓட்டிவிட்டால், ஒரே பெயரில் இரண்டும் ஒன்றையொன்று வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். பார்க்க வேடிக்கையாக இருக்கும், லாக் ஃபைல்தான் ஜிபிக் கணக்கில் வீங்கும்.

ஸ்கிரிப்டின் குறை எல்லாருக்கும் தெரிந்ததே. எழுதிக் கொடுத்ததை மட்டும் செய்யும். ‘அந்தப் பாலத்துக்குப் பக்கத்துல கொஞ்சம் வெளிச்சம் வை’ என்றால் முழிக்கும்.

இரண்டாவது வழி: மைண்ட்கிராஃப்ட் வழியாக கிளவுட் மாடல்

மைண்ட்கிராஃப்ட் ஒரு ஓப்பன் சோர்ஸ் திட்டம். மைன்ஃப்ளேயரின் மேல் மொழி மாடலை உட்கார வைத்து, ‘இந்த பிளேயரிடம் போ’, ‘இத்தனை பிளாக் சேகரி’ என்று கட்டளைகளின் பட்டியல் ஒன்றை மாடலிடம் கொடுக்கிறது. மாடல் அதிலிருந்து எடுத்துப் பேசுகிறது. 2023 மே மாதம் வந்த வாயேஜர் ஆய்வும் ஜிபிடி-4ஐ இதே மைன்ஃப்ளேயரோடுதான் கட்டியது. அங்கே மாடலே ஜாவாஸ்கிரிப்ட் எழுதித் தன் திறமைகளைச் சேமித்துக்கொண்டது. வீட்டில் ஆட மைண்ட்கிராஃப்ட் போதும்.

அமைப்பது சுலபம். கிட்ஹப்பிலிருந்து இறக்கி, என்பிஎம் இன்ஸ்டால் கொடுத்து, எடுத்துக்காட்டாக இருக்கும் கீஸ் ஃபைலின் பெயரை மாற்றி ஏபிஐ கீயை (மாடல் நிறுவனம் தரும் ரகசியச் சாவி) போடுங்கள். கேமில் உலகத்தை லேனுக்கு (வீட்டு நெட்வொர்க்குக்கு) திறக்கும்போது போர்ட் 55916 என்று கொடுங்கள். செட்டிங்ஸ் ஃபைலிலும் அதே எண். ஆண்டி என்ற ப்ரொஃபைல் ஃபைலில் மாடல் பெயரை மாற்றி, மெயின் ஃபைலை நோடில் ஓட்டினால் பாட் வணக்கம் சொல்லும். ஏபிஐக்குப் பணம் கட்ட, கார்டில் சர்வதேசப் பரிவர்த்தனையை ஆன் செய்திருக்க வேண்டும். முன்பணம் போட்டுச் செலவழிக்கிற முறை இருந்தால் அதையே எடுங்கள். தானாக டாப்அப் ஆகும் வசதியை அணைத்துவிடுங்கள்.

அணைக்கச் சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்கு. ஒவ்வொரு அழைப்பிலும் கட்டளைப் பட்டியல், எடுத்துக்காட்டு உரையாடல், பையில் உள்ள பொருட்கள், பழைய பேச்சு எல்லாம் சேர்ந்து போகும். 4,000 டோக்கன் என்று வைப்போம் (டோக்கன் என்பது மாடல் உரையை வெட்டிப் படிக்கும் சிறு துண்டு, காசு அதன் கணக்கில்தான்). பாட்டுக்கு ‘கோல்’ என்று ஒரு குறிக்கோளைக் கொடுத்துவிட்டால் அது தனக்குத்தானே கேட்டுக்கொண்டே இருக்கும். நிமிடத்துக்கு 6 அழைப்பு என்றால் மணிக்கு 14.4 லட்சம் டோக்கன். பத்து லட்சம் டோக்கனுக்கு 0.15 டாலர் வாங்கும் சிறிய மாடலில், டாலர் 90 ரூபாய் என்று வைத்தால், மணிக்கு ஏறக்குறைய 19 ரூபாய். 2.5 டாலர் வாங்கும் பெரிய மாடலில் 324 ரூபாய். தினம் 4 மணி நேரம், 30 நாள் என்றால் முதலாவது சுமார் 2,330 ரூபாய், இரண்டாவது 38,880 ரூபாய். மாடல் எழுதும் பதிலுக்கான காசு தனி. பாட்டைக் குறிக்கோளோடு விட்டுவிட்டு டிஃபன் சாப்பிடப் போகிற பழக்கம் எவ்வளவு விலை என்று இதிலேயே தெரிகிறது.

செட்டிங்ஸில் மூன்றைத் தொட்டாலே செலவு குறையும். ‘மேக்ஸ் மெசேஜஸ்’ இயல்பாக 15; 8 போதும். ‘நம் எக்ஸாம்பிள்ஸ்’ (எடுத்துக்காட்டுகளின் எண்ணிக்கை) 2. அதை 1 ஆக்குங்கள். ‘மேக்ஸ் கமாண்ட்ஸ்’ மைனஸ் 1, அதாவது வரம்பே இல்லை, 10 வையுங்கள். ‘ஒன்லி சாட் வித்’ பட்டியலில் உங்கள் குழுவின் பெயர்களை மட்டும் எழுதுங்கள். இல்லையென்றால் இரண்டு பாட்கள் ஒன்றோடொன்று நலம் விசாரித்துக்கொண்டே விடிய விடிய உங்கள் காசில் பேசும். இலவச வரம்புள்ள ஏபிஐ என்றால் பணம் போகாது, 429 என்ற எரர்தான் வரும். நிமிட வரம்பைத் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

தமிழில் பேசலாமா? பேசலாம், ஆனால் எந்த எழுத்தில் என்பதைப் பொறுத்தது. தமிழ் எழுத்து நெடுங்காலமாக டோக்கன் கணக்கில் நமக்குக் கட்டுப்படியாகாத ஒன்று. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வந்தபோது ஓப்பன்ஏஐ காட்டிய எடுத்துக்காட்டு வாக்கியத்தில், தமிழில் 116 டோக்கனாக இருந்தது 35 ஆகக் குறைந்தது. அந்தக் கணக்கு இப்போது பரவாயில்லை. கேமுக்குள்தான் தகராறு: மைன்கிராஃப்ட் சாட்டில் தமிழ் உயிர்மெய்க் குறிகள் ஒழுங்காகச் சேராது, ‘கொ’ எல்லாம் துண்டு துண்டாகத் தெரியும். ஒரு செய்திக்கு 256 எழுத்து என்ற வரம்பும் உண்டு. ஆகவே மைண்ட்கிராஃப்டின் மொழி அமைப்பைத் தமிழுக்கு மாற்றாமல் ஆங்கிலத்திலேயே விட்டு, நாம் எப்போதும் அடிக்கிற தங்கிலீஷில் பேசுவதே நல்லது. ப்ரொஃபைலில் ‘தங்கிலீஷில் கேட்டால் தங்கிலீஷிலேயே சுருக்கமாகப் பதில் சொல்’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். பெரிய மாடல்கள் ‘இங்க வா, கொஞ்சம் மரம் வெட்டு’ என்பதைத் தடங்கலில்லாமல் புரிந்துகொள்கின்றன.

அபாயம் ஒன்று. ‘அலவ் இன்செக்யூர் கோடிங்’ என்ற அமைப்பை ட்ரூ ஆக்கினால், மாடல் எழுதும் ஜாவாஸ்கிரிப்ட் உங்கள் கம்ப்யூட்டரில் ஓடும். சாட்டில் யாராவது ‘அந்த ஃபோல்டரைப் படித்துச் சொல்லு’ என்று பாட்டை ஏமாற்றினால் அது படித்துச் சொல்லவும் கூடும். வீடு கட்டச் சொல்லி விளையாட ஆசையாக இருந்தால், புரோகிராமைத் தனியே அடைத்து ஓட்டும் டாக்கருக்குள் ஓட்டுங்கள், தெரிந்தவர்கள் மட்டும் இருக்கும் சர்வரில். கீஸ் ஃபைலை மறந்தும் கிட்ஹப்பில் ஏற்றிவிடாதீர்கள்.

மூன்றாவது வழி: மாடலையும் வீட்டிலேயே ஓட்டுவது

‘காசே வேண்டாம், ஒல்லாமா போட்டு நம்ம கார்டுலயே ஓட்டலாம்’ என்பது கேட்க நன்றாக இருக்கும் (ஒல்லாமா, மாடலைச் சொந்தக் கம்ப்யூட்டரில் ஓட்டும் மென்பொருள்). கார்டு ஏற்கெனவே இருந்தால் சரி. இந்தப் பாட்டுக்காகக் கார்டு வாங்கப் போகிறவர்கள் ஒரு நிமிடம் நிற்கலாம்.

8 பில்லியன் அளவுருக்கள் உள்ள லாமா 3.1 மாடல், சுருக்கிய 4 பிட் வடிவில் ஏறக்குறைய 4.9 ஜிபி. பேச்சை நினைவில் வைக்க அது ஒரு டோக்கனுக்கு 128 கேபி பிடிக்கும். 8,192 டோக்கன் சூழலுக்கு (மாடல் ஒரே நேரத்தில் பார்க்கும் உரை) 1 ஜிபி. மொத்தம் 6 ஜிபியை எட்டிவிட்டது. அதே கார்டில்தான் உங்கள் மைன்கிராஃப்டும், பிரவுசரும், டிஸ்கார்டும் ஓடப்போகின்றன. 8 ஜிபி கார்டில் ஷேடர் போட்ட நிமிடமே இடம் போதாமல் மாடலின் சில அடுக்குகள் சிபியுவுக்குப் போகும். 2 விநாடியில் வந்த பதில் 15 விநாடியாகும். ‘ஒல்லாமா பிஎஸ்’ கொடுத்தால் எத்தனை சதவீதம் ஜிபியுவில் இருக்கிறது என்று காட்டும். அது 100 இல்லையென்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

ஆளைக் குழப்பும் கோளாறு இன்னொன்று. ஒல்லாமாவின் பல பதிப்புகளில் சூழல் நீளம் இயல்பாக 2,048 அல்லது 4,096 மட்டுமே. மைண்ட்கிராஃப்ட் அனுப்பும் ப்ராம்ப்ட் (மாடலுக்குப் போகும் உரை) அதைத் தாண்டினால் எரர் எதுவும் வராது, சத்தமில்லாமல் வெட்டிவிடும். வெட்டுப்படுவதில் கட்டளைப் பட்டியலும் அடக்கம் என்றால், பாட் ‘இதோ வருகிறேன்’ என்று இனிமையாகப் பேசிவிட்டு நின்ற இடத்திலேயே நிற்கும். மாடல் மட்டம் என்று திட்டிவிட்டு வேறு மாடலை இறக்கிப் பார்க்கிறவர்கள் அதிகம். ‘நம் சிடிஎக்ஸ்’ என்ற சூழல் நீள அமைப்பை 8,192 ஆக்கிப் பார்த்துவிட்டு அப்புறம் திட்டலாம். ஐந்து நிமிடம் யாரும் பேசாவிட்டால் ஒல்லாமா மாடலை இறக்கிவிடும், அடுத்த பதில் தாமதமாகும். ‘கீப் அலைவ்’ மைனஸ் 1 வைத்தால் அப்படியே இருக்கும். வேறு கம்ப்யூட்டரிலிருந்து பேசவேண்டி ஹோஸ்ட்டை 0.0.0.0 ஆக்கினால், 11434 போர்ட்டுக்குப் பாஸ்வேர்ட் எதுவும் இல்லை என்பது நினைவிருக்கட்டும். வீட்டு நெட்வொர்க்கோடு நிறுத்துங்கள்.

சிறிய மாடலின் தமிழ் அறிவு இன்னொரு தலைவலி. ‘நாலு ஸ்டாக் கல்லு எடுத்துட்டு வா’ என்பதில் ஒரு ஸ்டாக் 64, ஆக 256 என்று அது கணக்குப் போட வேண்டும். பல நேரம் நான்கு கல்லோடு வந்து நிற்கும். ஆங்கிலத்தில் கேட்டால் அதே மாடல் தேறும்.

கார்டு வாங்கியே தீருவதென்றால், 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 இந்த வேலைக்கு நல்ல பழைய கார்டு. சென்னை ரிச்சி தெருவில் பழைய கார்டு பார்க்கும்போது அதே பெயரில் 8 ஜிபி ரகமும் உண்டு என்பதை மறக்காதீர்கள். டப்பாவை நம்பாமல், கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைப் போட்டுப் பாருங்கள்: 12,288 எம்பி, 192 பிட் என்று காட்ட வேண்டும், 128 பிட் என்றால் அது மற்றது. ‘அண்ணே, லோடு குடுத்து ஒரு பத்து நிமிஷம் ஓட்டிக் காட்டுங்க’ என்று கேட்பதில் தப்பே இல்லை. ஓட்டிக் காட்ட மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

கரண்ட் கணக்கு பயப்படும்படி இல்லை. முழு கம்ப்யூட்டரும் 250 வாட் எடுத்தால், தினம் 4 மணி நேரத்துக்கு இரண்டு மாத பில்லில் 60 யூனிட். ஆனால் சும்மா இருக்கும்போதே 60 வாட் எடுக்கும் டெஸ்க்டாப்பை சர்வருக்காக 24 மணி நேரமும் விட்டால் 86 யூனிட். ஏசி ஓடும் மே மாதத்தில் இந்த 86தான் வீட்டு பில்லை 500 யூனிட்டுக்கு மேல் தள்ளும்; தாண்டினால் கீழ்ப்படிகளின் விலையும் சேர்ந்து ஏறிவிடும். கத்திரி வெயிலில் கார்டின் சூடும் ஒரு பிரச்சினை. என்விடியாவின் கட்டளையில் மின் வரம்பை 170 வாட்டிலிருந்து 130 ஆகக் குறைத்துவிடுங்கள். மொழி மாடலின் வேகம் பெரும்பாலும் மெமரியின் வேகத்தைப் பொறுத்தது என்பதால் பதில் வருவதில் பெரிய வித்தியாசம் தெரியாது, ஃபேன் சத்தம்தான் குறையும்.

எடுக்க வேண்டியது கலப்பு

இந்த மூன்றில் ஒன்றை மட்டும் எடு என்றால், பெரும்பாலானவர்களுக்கு முதல் வழிதான் சரி. ஆனால் ஒன்றை மட்டும் எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஸ்கிரிப்டுக்குக் கை காலைக் கொடுத்து, மாடலுக்கு வாயை மட்டும் கொடுக்கும் முறைதான் காசுக்கும் நிம்மதிக்கும் ஏற்றது. மைண்ட்கிராஃப்டே தற்காப்பு, பந்தம் வைத்தல், சிக்கிக்கொண்டால் விடுபடுதல் போன்றவற்றை மாடலைக் கேட்காமல் ‘மோட்’ என்ற பெயரில் ஸ்கிரிப்டாகத்தான் ஓட்டுகிறது. அதையே இன்னும் ஒரு படி கொண்டுபோகலாம்.

எட்டுச் செயல்கள் போதும்: வா, நில், பின்னால் வா, எடு, கொடு, பெட்டியில் வை, தூங்கு, எங்கே இருக்கிறாய். ஒவ்வொன்றும் நீங்கள் எழுதிச் சோதித்த ஃபங்ஷன். சாட்டில் பாட்டின் பெயர் வந்தால் மட்டும் கவனிக்கட்டும். ‘வா’, ‘நில்லு’ போன்ற ஒற்றைச் சொல் என்றால் மாடலிடம் போகவே வேண்டாம், நேராக ஃபங்ஷனுக்குப் போகட்டும். மற்றவை மட்டும் மாடலுக்கு. செயல், பொருள், எண்ணிக்கை, சொல்லவேண்டிய ஒரு வரி என்ற நான்கு கட்டங்களோடு ஜேசனாக (ஸ்கிரிப்ட் படிக்கக்கூடிய வடிவம்) மட்டும் பதில் தரச் சொல்லுங்கள், டெம்பரேச்சர் (பதில் எவ்வளவு மாறலாம் என்ற அளவு) 0.2க்குள், பதில் 100 டோக்கனுக்குள். வந்த பொருளின் பெயர் விளையாட்டின் பதிவேட்டில் இருக்கிறதா, எண்ணிக்கை 256க்குள்ளா என்று ஸ்கிரிப்ட் சரிபார்க்கட்டும். ‘மரம்’ என்றால் ஓக் லாக், ‘கல்லு’ என்றால் உடைப்பது ஸ்டோன் எண்ணுவது காபிள்ஸ்டோன், ‘நாலு ஸ்டாக்’ என்றால் 256 என்று ஒரு சின்ன அகராதியை ஸ்கிரிப்டிலேயே வைத்துவிட்டால் மாடல் அதை யோசிக்க வேண்டியதில்லை. பொருந்தாவிட்டால் ‘என்னது, புரியல’ என்று கேட்கட்டும். அழைப்புக்கு 15 விநாடி கெடு. அதற்குள் வராவிட்டால் விட்டுவிட வேண்டும், காத்துக்கொண்டே நிற்கக் கூடாது.

இந்த முறையில் ப்ராம்ப்ட் 1,500 டோக்கனுக்குள் அடங்கும். மணிக்கு 60 முறை பேசினாலும் மேலே சொன்ன சிறிய கிளவுட் மாடலில் சுமார் 1 ரூபாய் 20 காசு. வீட்டில் ஓட்டினாலும் சூழல் நீளத் தொல்லை போய்விடுகிறது. எட்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்கு 3 பில்லியன் மாடலே பெரும்பாலும் சமாளிக்கும். கிளவுடா வீடா என்ற கேள்வியே பாதி கரைந்துவிடும். புரோகிராம் எழுதவே வராது, பாட் என்ன செய்கிறது என்று வேடிக்கை பார்க்கத்தான் ஆசை என்றால் மட்டும் மைண்ட்கிராஃப்டை அப்படியே கிளவுட் மாடலோடு எடுங்கள், 500 ரூபாய் முன்பணத்தோடு.

எங்கே வைப்பது

பாட்டை சர்வருக்குப் பக்கத்திலேயே வையுங்கள், அதே மெஷினில் என்றால் இன்னும் நல்லது. மாடலின் ஏபிஐ அமெரிக்காவில் இருந்தால் என்ன என்று கேட்காதீர்கள். மாடல் யோசிக்க எடுக்கும் ஒன்றிரண்டு விநாடிக்கு முன்னால் கடல் தாண்டும் கால் விநாடி ஒன்றுமில்லை. கேம் சர்வர் வேறு விஷயம். அது விநாடிக்கு 20 டிக் ஓடுகிறது, ஒரு டிக் 50 மில்லிசெகண்ட். விபிஎஸ் (இணையத்தில் வாடகை சர்வர்) எடுக்கிறவர்கள் மும்பை, சிங்கப்பூர் இரண்டையும் பிங் செய்து பாருங்கள். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடிக் கேபிள் நேராகப் போவதால் சில இணைப்புகளில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. 4 ஜிபி ரேம் போதும்; பேப்பருக்கு 2.5 ஜிபி கொடுத்துவிட்டு மிச்சத்தைப் பாட்டுக்கும் இயங்குதளத்துக்கும் விடுங்கள்.

வீட்டிலேயே வைத்தால் முதல் முட்டுக்கட்டை சிஜிநாட். பல பிராட்பேண்ட் இணைப்புகளில் ஒரே ஐபியை நூறு வீட்டுக்குப் பகிர்கிறார்கள். ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டு எவ்வளவு சரியாகப் போட்டாலும் வெளியிலிருந்து வர முடியாது. ரவுட்டரின் வெளிப்பக்க (‘வான்’) ஐபி 100.64லிருந்து 100.127க்குள் தொடங்கினால் இதுதான் காரணம். நண்பர்கள் எல்லோரும், கம்ப்யூட்டர்களைத் தனி நெட்வொர்க்காக இணைக்கும் டெய்ல்ஸ்கேல் போட்டுக்கொள்வது சுலபமான வழி; ஆஃப்லைன் மோட் சர்வருக்கு அதுவே பாதுகாப்பும்.

அடுத்தது கரண்ட். மைன்கிராஃப்ட் 6,000 டிக்குக்கு ஒருமுறை, அதாவது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உலகத்தைச் சேமிக்கிறது. நடுவில் பட்டென்று கரண்ட் போனால் அதுவரை தோண்டியது போனதோடு, சில நேரம் ஃபைலும் கெடும். 600 விஏ யுபிஎஸ் ஏறக்குறைய 360 வாட் தாங்கும். சில நிமிடம் கிடைத்தாலே சர்வரை ஒழுங்காக நிறுத்தப் போதும். ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் தனியாக வாங்குங்கள், இல்லையென்றால் சர்வர் உயிரோடு இருக்கும், நெட் இருக்காது. 2023 டிசம்பர் மிச்சாங் புயல் போல நாள்கணக்கில் கரண்ட் இல்லாத சமயத்துக்கு எந்த யுபிஎஸ்ஸும் ஆகாது. அதற்கு உலகத்தின் ஃபோல்டரை வாரம் ஒருமுறை வேறெங்காவது நகல் எடுத்து வைப்பதுதான் வழி.

எல்லாம் ஓடத் தொடங்கிய முதல் ராத்திரி ஒரு புகார் நிச்சயம் வரும்: எல்லோரும் படுத்தாயிற்று, விடிய மாட்டேன் என்கிறது. சர்வரின் கணக்கில் பாட்டும் ஒரு பிளேயர். அது வயலில் விழித்துக்கொண்டு நிற்கிறது. ‘பிளேயர்ஸ் ஸ்லீப்பிங் பெர்சன்டேஜ்’ என்ற கேம்ரூல் இயல்பாக 100. அதை 50 ஆக்குங்கள். இரண்டு பேரும் ஒரு பாட்டும் என்றால் இரண்டு பேர் படுத்தால் விடியும். ஒருவரும் மூன்று பாட்டும் என்றால் 50ம் போதாது, 25 வைக்க வேண்டும்.